குருதியின் காவலர்

தில்லைத் திருக்கோயிலின் கோபுர வாயில்களில் நாட்டியக் கரணங்கள் 108-ம் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை ஊன்றி நோக்குவோர் ஓர் உண்மையை உணர்வர். கரணம் ஒவ்வொன்றின் அழகும் முழங்கால், இடுப்பு, கணுக்கால், தோள் ஆகிய மூட்டுகளின் வளைவிலேயே அமைந்திருக்கிறது. மூட்டு வளையாவிடில் ஆடல் இல்லை. ஆடல் மட்டுமா? தொழிலும் இல்லை. கடலூர் மாவட்டத்து வயல்களில் சேற்றில் நின்று நாற்று நடும் பெண்டிரும், கடலூர் முதுநகர்த் துறையில் வலை இழுக்கும் மீனவரும், பண்ருட்டியைச் சூழ்ந்த முந்திரித் தோப்புகளில் குனிந்து கொட்டை பொறுக்குவோரும் தம் மூட்டுகளை நம்பியே வாழ்கின்றனர்.

இத்தகைய மூட்டு தேய்ந்து அழிந்தால் அதற்கு மாற்று உண்டா? உண்டு. ஆயின், அம்மாற்று மூட்டுக்கு ஒரு கொடிய பகையும் உண்டு. அப்பகையை வெல்ல நம் குருதியிலேயே பிறக்கும் காவலரைத் துணைக்கு அழைக்க இயலுமா என்பதை அறிஞர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

மூட்டும் மாற்று மூட்டும்

இரண்டு எலும்புகள் கூடும் இடமே மூட்டு. எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதன்மீது ஒரு வகை நீர் சுரந்து, வண்டியின் அச்சுக்கு இடும் மசகு போல் உராய்வைக் குறைக்கின்றது. முதுமையாலோ, வாதநோயாலோ, விபத்தாலோ குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசும். அப்பொழுது எழும் வலி சொல்லுந்தரமன்று. நடப்பதும், படி ஏறுவதும், தரையில் அமர்ந்து எழுவதும் பெருந்துன்பமாகிவிடும்.

இந்நோயால் வருந்துவோருக்கு விடிவு தேடியவர்களுள் சர் ஜான் சார்ன்லி என்னும் ஆங்கில மருத்துவர் தலைசிறந்தவர். அவர் இடுப்பு மூட்டின் பந்தை உலோகத்தாலும், அது சுழலும் கிண்ணத்தை உறுதியான பாலிஎதிலீன் என்னும் செயற்கைப் பொருளாலும் அமைத்தார். 1962-ஆம் ஆண்டில் அவர் பொருத்திய மூட்டின் அமைப்பே பின் வந்த மாற்று மூட்டுகளுக்கு வழிகாட்டி ஆயிற்று. சில ஆண்டுகளில் முழங்காலுக்கும் மாற்று மூட்டு அமைக்கப்பட்டது.

ஒரு காலத்தில் செல்வர்க்கே கிட்டிய இம்மருத்துவம் இன்று எளியவர்க்கும் கிட்டுகின்றது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைகளும் அடங்கியுள்ளன. கடலூர் மாவட்டத்து மக்களுக்கென அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் உள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்னும் பெயரால் தொடங்கப்பெற்ற கல்லூரியே பின்னர் அரசின் மருத்துவத் துறைக்கு மாற்றப்பட்டு இந்நிலை எய்தியது. கிராமத்திலிருந்து தடியூன்றி வருகின்ற ஒரு முதியவர் மாற்று மூட்டோடு தடியின்றித் திரும்புவது மருத்துவம் மாந்தர்க்கு அளித்த பெரும்பேறுகளுள் ஒன்றாகும்.

ஆயினும், மாற்று மூட்டுப் பெற்றவர் அனைவருக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. முதன்முறை மூட்டு மாற்றிக்கொள்வோருள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு அம்மூட்டில் கிருமித்தொற்று உண்டாகிறது. எண்ணிக்கை சிறிதுதானே என்று நாம் கருதலாம். உலகெங்கும் ஆண்டுதோறும் பல இலட்சம் மூட்டுகள் மாற்றப்படுகின்றன. அவற்றுள் நூற்றுக்கு ஒன்று என்றாலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கண்ணீர் அதனுள் அடங்கியிருக்கிறது.

பொன்னிறப் பகைவன்

1880-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் அபர்தீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்னும் அறுவை மருத்துவர் சீழை நுண்ணோக்கியில் வைத்து நோக்கினார். திராட்சைக் குலை போன்று ஒன்றுகூடி நின்ற உருண்டை உயிர்களைக் கண்டார். சீழ்ப்புண்களுக்கு அவையே காரணம் என்பதை நிறுவினார். குலை என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அவற்றிற்கு ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அவ்வினத்துள் பொன்னிறமாக வளரும் ஒரு வகை உண்டு. மாற்று மூட்டுகளைக் கெடுக்கும் கிருமிகளுள் இப்பொன்னிறக் கிருமியே மிகக் கொடியது.

இக்கிருமி எங்கிருந்தோ வரும் அயலான் அன்று. மக்களுள் ஏறத்தாழ பத்தில் மூவரின் மூக்கிலே அது குடியிருக்கிறது. அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி நம் அனைவரின் தோலிலும் வாழ்கிறது. அவை தத்தம் இடத்தில் இருக்கும்வரை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. சிறு காயத்தின் வழியே சில உள்ளே நுழைந்தாலும் குருதியின் வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கிவிடும்.

ஆனால், உடலுக்குள் ஓர் அயற்பொருள் இருக்குமாயின் நிலைமை அடியோடு மாறிவிடுகின்றது. 1957-இல் இலண்டனில் எலெக், கோனன் என்னும் இருவர் ஓர் ஆய்வு செய்தனர். தாமே முன்வந்த சிலரின் தோலில் அவர்கள் இக்கிருமிகளைச் செலுத்திப் பார்த்தனர். ஒரு சீழ்க்கட்டி தோன்றுவதற்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கிருமிகள் வேண்டியிருந்தன. பின்னர் அதே தோலில் பட்டு நூலால் ஒரு தையல் போட்டு, அந்நூலில் கிருமிகளை வைத்தனர். அப்பொழுது நூறு கிருமிகளே சீழ்க்கட்டியை உண்டாக்கப் போதுமானவையாயின. ஒரு சிறு நூலுக்கே இத்துணை ஆற்றல் என்றால், உள்ளங்கை அளவுள்ள உலோக மூட்டைப்பற்றிக் கூறவும் வேண்டுமோ?

இதன் காரணம் எளிது. உயிருள்ள தசைக்குள் குருதி ஓடுகிறது. குருதியோடு வெள்ளணுக்களும் மருந்தும் செல்கின்றன. உலோகத்திலோ குருதிக்குழாய் இல்லை. ஆதலின், அதன் மேற்பரப்பு காவல் இல்லாத கோட்டைமதில் போன்றது.

துறைமுகத்துத் தூண்கள் கூறும் பாடம்

இனி, கிருமிகள் அம்மேற்பரப்பில் எவ்வாறு வாழ்கின்றன என்பதை அறிதல் வேண்டும். அதற்குக் கடலூர்த் துறைமுகத்தின் தூண்களையும், பிச்சாவரத்துக் கழிமுகத்தில் நீரில் மூழ்கி நிற்கும் மரவேர்களையும் நோக்குங்கள். அவற்றின்மீது சிப்பிகள் அடை அடையாக ஒட்டியிருக்கும். கையால் பிடுங்கினால் அவை வாரா. மீனவர் தம் படகுகளைக் கரையேற்றி, அடிப்பகுதியை இரும்புக் கருவியால் சுரண்டியே அவற்றை அகற்றுகின்றனர். ஆனால், கடலில் புதிதாக நட்ட தூண் ஒன்றில் முதலில் ஒட்டுவது சிப்பியன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் முன்னே வந்து ஒட்டிக்கொண்டு, வழுக்கலான ஒரு படலத்தைத் தம்மைச் சுற்றிச் சுரந்துகொள்கின்றன. பிற உயிர்கள் அதன்பின்னரே குடியேறுகின்றன.

கடலில் நிகழும் இச்செயலே மாற்று மூட்டிலும் நிகழ்கிறது. அறுவையின்பொழுது காற்றிலிருந்தோ தோலிலிருந்தோ வந்து விழுந்த சில கிருமிகள் உலோகத்தை எட்டிப் பிடிக்கின்றன. பிடித்தவை பெருகுகின்றன. பெருகியவை தம்மைச் சுற்றி ஒரு பசைப்படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. இதனை உயிர்ப்படலம் என்பர். படலத்திற்குள் வாழும் கிருமிகளுட் பல தம் வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு உறங்குவன போல் கிடக்கும். வளரும் கிருமிகளைத் தாக்குவதற்கென அமைந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் உறங்கும் கிருமிகளிடம் வலுவிழந்துவிடுகின்றன. நீரில் தனித்து மிதக்கும் கிருமியைக் கொல்லப் போதுமான மருந்தினும் பன்னூறு மடங்கு மருந்துங்கூடச் சிலபோது படலத்தில் வாழும் கிருமியைக் கொல்வதில்லை. உடலோ அத்துணை மருந்தைத் தாங்காது.

அந்தோனி கிரிஸ்டினா என்னும் அமெரிக்க மருத்துவர் 1987-இல் இந்நிலையை ஓர் ஓட்டப்பந்தயத்திற்கு ஒப்பிட்டார். புதிய உலோகம் உடலுக்குள் வைக்கப்பட்டவுடன் இருதிறத்தார் அதை நோக்கி ஓடுகின்றனர். ஒருபுறம் உடலின் உயிரணுக்கள், மறுபுறம் கிருமிகள். உயிரணுக்கள் முந்திச் சென்று உலோகத்தைப் போர்த்துவிட்டால் கிருமிக்கு இடமில்லை. கிருமிகள் முந்திவிட்டால் உயிரணுக்களுக்கு இடமில்லை. வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகின்றன.

தோற்றவரின் துன்பம் பெரிது. மூட்டு வீங்கிச் சிவக்கும், வலி ஓயாது, புண் வழியே சீழ் வடியும். தொற்றுத் தோன்றிய சின்னாட்களுள் கண்டறிந்தால் மூட்டைத் திறந்து கழுவித் தூய்மை செய்து காக்க முயல்வர். காலம் கடந்துவிட்டால், பொருத்திய மூட்டையே கழற்றி எடுக்க நேரும். அவ்விடத்தில் மருந்து கலந்த சிமெண்டுக் கட்டியை வைத்துவிட்டுப் பல வாரங்கள் மருந்து கொடுப்பர். கிருமி ஒழிந்தது என்று தெளிந்த பின்னரே மீண்டும் அறுவை செய்து புதிய மூட்டைப் பொருத்துவர். நாட்கூலியை நம்பி வாழும் ஒரு குடும்பத்தில் ஒருவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பதும், மற்றொருவர் வேலையைவிட்டு அவருக்குத் துணையிருப்பதும் எத்துணை இடர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வருமுன் காத்தல்

ஆதலின், இந்நோயைப் பொறுத்தமட்டில் வந்தபின் தீர்ப்பதினும் வருமுன் காப்பதே அறிவுடைமை. இவ்வுண்மையை மருத்துவர்கள் நெடுநாட்களுக்கு முன்னரே அறிந்திருந்தனர். 1867-இல் ஜோசப் லிஸ்டர் என்னும் பெருமகனார் கார்பாலிக் அமிலத்தால் புண்ணையும் கருவிகளையும் தூய்மை செய்யும் முறையை உலகுக்கு அறிவித்தார். சார்ன்லியும் தம் நோயாளிகளுள் தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழுபேர் அளவில் தொற்றுக்கு உள்ளானதைக் கண்டு மனம் வருந்தினார். அறுவை அறையின் காற்றை வடிகட்டித் தூய்மை செய்தார். மருத்துவர் விடும் மூச்சுக்காற்றும் புண்ணின்மேல் படாதவாறு சிறப்பு உடைகளை அமைத்தார். இவ்வாறு படிப்படியாக முயன்று, தொற்றை நூற்றுக்கு ஒன்றிற்கும் கீழாகக் குறைத்தார்.

இன்று அறுவை தொடங்குமுன் ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் குருதியில் செலுத்துவது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. நோயாளியின் தோல் மருந்து நீரால் தூய்மை செய்யப்படுகின்றது. நீரிழிவு உடையவருக்குச் சர்க்கரையின் அளவு முன்னரே கட்டுக்குள் கொண்டுவரப்படுகின்றது. இத்தனை காவலையும் கடந்து சில கிருமிகள் புகுந்துவிடுகின்றன. அவற்றுள் சில, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத வன்மையும் பெற்றுவிட்டன. மருந்து மிகுதியாகப் பயன்படுமளவிற்கு, அதற்கு அடங்காத கிருமிகளும் மிகுகின்றன. எனவே, மருந்தல்லாத வேறொரு காவலரையும் நாட வேண்டிய தேவை எழுந்தது. அக்காவலரே எதிர்ப்பொருள்கள்.

எதிர்ப்பொருள் என்பது யாது?

அயற்கிருமியோ நஞ்சோ உடலில் புகுந்தால், அதனை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதற்கென்றே நம் குருதியில் ஒருவகைப் புரதங்கள் உண்டாகின்றன. அவையே எதிர்ப்பொருள்கள். ஓர் எதிர்ப்பொருளின் வடிவம் இரு கிளைகளாகப் பிரியும் கவண்கொம்பை ஒத்தது. இரு கிளைகளின் நுனிகளும் கிருமியைப் பற்றும் கைகள். அடித்தண்டோ வெள்ளணுக்களை அழைக்கும் கொடி. பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய பகையை மட்டுமே பற்றும்.

1890-இல் ஜெர்மனி நாட்டவரான எமில் ஃபான் பேரிங்கும், ஜப்பான் நாட்டவரான கிடசாட்டோவும் பெர்லின் நகரில் இக்காவலரின் ஆற்றலை முதன்முதல் மெய்ப்பித்தனர். தொண்டை அடைப்பான் நோயையோ இரணஜன்னியையோ எதிர்க்கும் ஆற்றல் பெற்ற ஒரு விலங்கின் குருதிநீரை மற்றொரு விலங்கிற்குச் செலுத்தினால், அவ்விலங்கும் அந்நோயினின்று காக்கப்படுவதை அவர்கள் காட்டினர். காவலை ஓருடலிலிருந்து மற்றோருடலுக்கு இரவலாகத் தரலாம் என்னும் பேருண்மை அன்று வெளிப்பட்டது. மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பேரிங்கிற்கு வழங்கப்பெற்றது.

இரவல் காவல் நம் நாட்டிற்குப் புதியதன்று. வயலில் பாம்பு கடித்த உழவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவுடன் அவருக்குச் செலுத்தப்படும் நச்சுமுறி மருந்து எதிர்ப்பொருளே ஆகும். பிரெஞ்சு அறிஞர் ஆல்பெர்ட் கால்மெட் 1895-இல் இம்முறையைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் அமைக்கப்பெற்றது. இருளர் பெருமக்கள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து ஆக்குவோருக்கு அளிக்கின்றனர். அந்நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தினால், அவற்றின் குருதியில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றைப் பிரித்துத் தூய்மை செய்தே நச்சுமுறி மருந்தை ஆக்குகின்றனர். இருளரின் கைத்திறனும், குதிரையின் குருதியும், அறிவியலும் ஒன்றுகூடி ஓர் உழவரின் உயிரைக் காக்கின்றன.

காவலரை மூட்டுக்கு அனுப்புதல்

பாம்பின் நஞ்சை வெல்லும் காவலரைக் கிருமியின்மேல் ஏவினால் என்ன? மாற்று மூட்டைப் பொருத்தும்பொழுதே அதன்மீதும் சுற்றியுள்ள தசையிலும் எதிர்ப்பொருள்களை நிறைத்துவைத்தால் என்ன? இவ்வெண்ணம் அறிஞர் சிலர்க்குத் தோன்றியது.

இவ்வெண்ணத்திற்கு நல்ல காரணங்கள் உண்டு. புதிய பகைவனைக் கண்ட பின் நம் உடல் தானே எதிர்ப்பொருளைப் போதிய அளவு ஆக்குவதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். மூட்டின் ஓட்டப்பந்தயமோ அதற்குள் முடிந்துவிடும். ஆயத்தமான காவலரை முன்னரே நிறுத்திவிட்டால் காலம் வீணாகாது. மேலும், எதிர்ப்பொருள் கிருமியின் ஒட்டும் கைகளை மறைத்து, அது உலோகத்தைப் பற்றாதவாறு தடுக்கலாம். வெள்ளணுக்களுக்குக் கொடி காட்டி, கிருமியை விழுங்கச் செய்யலாம். கிருமி மருந்துக்கு அடங்காததாயினும் எதிர்ப்பொருளுக்கு அஃது ஒரு பொருட்டன்று. ஏனெனில், இரண்டும் வெவ்வேறு வழிகளில் தாக்குகின்றன.

பல்லாயிரம் மாந்தர் கொடுத்த குருதியிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் தொகுதியைப் பொருத்து உறுப்பின் அருகே இட்டு, அமெரிக்க ஆய்வாளர்கள் சென்ற நூற்றாண்டின் இறுதியையொட்டி விலங்குகளில் சோதித்தனர். தொற்றுக் குறைந்ததைக் கண்டு நம்பிக்கை கொண்டனர். மற்றொரு வழியும் முன்னரே திறந்திருந்தது. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்னும் இருவர் ஒரே இலக்கைப் பற்றும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கும் முறையைக் கண்டறிந்தனர். அதற்காக 1984-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இனிக் குதிரையும் வேண்டா. பகைவனின் எவ்வுறுப்பைத் தாக்க வேண்டுமோ அதற்கென்றே காவலரை வார்த்தெடுக்கலாம் என்னும் நிலை தோன்றியது.

தோல்வி கற்பித்தவை

பகைவன் எளியன் அல்லன் என்பதை அடுத்து நிகழ்ந்தவை காட்டின. பொன்னிறக் கிருமி குருதியிலிருந்து இரும்புச்சத்தைக் கவர்வதற்கு ஒரு புரதத்தைப் பயன்படுத்துகிறது. அப்புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருளை உடலிலேயே தோற்றுவிக்கும் தடுப்பூசி ஒன்று ஆக்கப்பட்டது. மார்பு அறுவைக்கு வந்த ஏறத்தாழ 8,000 பேரைக்கொண்டு அது சோதிக்கப்பட்டது. அவர்கள் உடலில் எதிர்ப்பொருள் மிகுதியாகத் தோன்றியது. ஆயினும், தொற்று குறையவில்லை. அதனினும் கொடிது, தடுப்பூசி இட்டுக்கொண்ட பின்னும் தொற்றுக்கு ஆளானவர்களிடையே இறப்பு மிகுந்து காணப்பட்டது. 2011-இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது.

ஓர் இலக்கு போதாது எனக் கருதி, நான்கு இலக்குகளை ஒருங்கே தாக்கும் மற்றொரு தடுப்பூசி ஆக்கப்பட்டது. முதுகெலும்பை உலோகத்தால் இணைக்கும் அறுவைக்கு வந்த ஏறத்தாழ 3,450 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. ஊசியால் தீங்கு விளையவில்லை, பயனும் விளையவில்லை. 2018-இன் இறுதியில் அதுவும் கைவிடப்பட்டது.

ஏன் இத்தோல்விகள்? பொன்னிறக் கிருமியிடம் ஒரு சூழ்ச்சி உண்டு. அதன் மேற்புறத்தில் உள்ள ஒரு புரதம் எதிர்ப்பொருளின் கைகளை விடுத்து அடித்தண்டைப் பற்றிக்கொள்கிறது. கள்வனைப் பிடிக்க வந்த காவலரைக் கள்வனே பின்புறமாகக் கட்டிப்பிடித்து, அவர் முகத்தை அப்பால் திருப்பிவிட்டாற் போன்றது அது. அடித்தண்டு மறைந்துவிடவே, வெள்ளணுக்களை அழைக்கும் கொடியும் மறைந்துவிடுகின்றது. மேலும், இக்கிருமியோடு பிறந்த நாள்முதல் பழகிவந்த நம் உடலில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் முன்னரே பல உள்ளன. அவை அனைத்தும் நன்மை செய்வன அல்ல. எனவே, காவலரின் எண்ணிக்கையைப் பெருக்கினால் மட்டும் போதாது. எவ்விடத்தை, எக்காலத்தில், எவ்வாறு தாக்குவது என்று அறிந்து அனுப்புதல் வேண்டும்.

இப்பாடத்தைக் கற்ற அறிஞர் சிலர் இன்று கிருமியை விடுத்து, அது கட்டும் வீட்டையே தாக்க முனைந்துள்ளனர். உயிர்ப்படலத்தின் உள்ளே கிருமிகள் உதிர்த்த டி.என்.ஏ. இழைகள் பந்தலின் கழிகளைப் போல் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன. கழிகள் கூடுமிடங்களைச் சில புரதங்கள் முடிச்சுகளாய்ப் பிணைத்துள்ளன. அப்புரதங்களை எதிர்ப்பொருளால் பறித்துவிட்டால் முடிச்சு அவிழும், பந்தல் சரியும், உள்ளிருந்த கிருமிகள் மருந்துக்கும் வெள்ளணுக்களுக்கும் இலக்காகும். இத்தகைய எதிர்ப்பொருள் ஒன்று, மூட்டுத் தொற்றால் வருந்திய சில நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டு, பாதுகாப்பை அறியும் முதற்கட்டச் சோதனையைக் கடந்துள்ளது. ஆயினும், மாற்று மூட்டில் தொற்று வாராமல் தடுக்கும் எதிர்ப்பொருள் எதுவும் இன்றுவரை மருத்துவமனைகளின் நடைமுறைக்கு வந்திலது.

நம் கடமை

அவ்வாறாயின், இதுகாறும் செய்த முயற்சி அனைத்தும் வீணோ? அன்று. ஒரு முறை பயன் தராது என்று தெளிவதும் அறிவே. தம் மருந்து தோற்றது என்பதை மறைக்காமல் ஆய்வாளர்கள் உலகுக்கு எடுத்துரைத்ததனாலன்றோ, அடுத்து வந்தவர் அதே வழியில் சென்று நோயாளிகளை மீண்டும் இடருக்கு உள்ளாக்காமல் வேறு வழி தேடினர்? சோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த ஆயிரக்கணக்கான நோயாளிகளும் நம் நன்றிக்கு உரியவர். தமக்குப் பயன் கிட்டுமோ கிட்டாதோ என்று அறியாமலே பின்வருவோர் பொருட்டு அவர்கள் முன்வந்தனர்.

எதிர்ப்பொருள் என்னும் புதிய காவலர் வந்து சேரும்வரை பழைய காவலரை நாம் சோர்வின்றிப் பேணுதல் வேண்டும். அவர்கள் யாவர்? சோப்பிட்டுக் கழுவிய கை, தூய்மையான கட்டில், காய்ச்சி எடுத்த கருவி, மருத்துவர் குறித்த அளவில் குறித்த நாள்வரை உட்கொள்ளும் மருந்து ஆகியவையே. மருத்துவமனையில் உறவினரைக் காணச் செல்வோர் பலராய்க் கூடி அறுவைப் புண்ணைத் தொட்டுப் பார்ப்பதும், கட்டை அவிழ்த்து நோக்குவதும், பச்சிலையோ மஞ்சளோ அப்புவதும் அன்பின் செயல்களாகத் தோன்றலாம். அவை கிருமிக்கு வழி திறக்கும் செயல்களாகும். காய்ச்சலுக்கும் சளிக்கும் மருத்துவரைக் கேளாமல் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை வாங்கி விழுங்குவதும், இரண்டு நாளில் நலம் கண்டவுடன் பாதியில் நிறுத்துவதும் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பனவாகும். அவ்வாறு ஒரு வீட்டில் வளர்ந்த கிருமி ஊரில் மற்றொருவரின் மூட்டில் சென்று குடியேறவும் கூடும்.

மாற்று மூட்டுப் பெற்றவரும் சிலவற்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். உடலின் வேறிடத்தில் தோன்றிய சீழ்ப்புண்ணிலிருந்து கிருமிகள் குருதி வழியாகப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் மூட்டை அடையலாம். ஆதலின், காலில் தோன்றும் புண்ணையும், சொத்தைப் பல்லையும், சிறுநீர்த் தொற்றையும் சிறியவை என்று புறக்கணித்தலாகாது. மூட்டில் திடீரென வீக்கமோ, வலியோ, சிவப்போ தோன்றினால் எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் அன்றே மருத்துவமனையை நாடுதல் வேண்டும். நாட்கள் கழியக் கழியப் படலம் தடிக்கும் என்பதை மறத்தலாகாது.

மாணவர்களே! துறைமுகத் தூணில் ஒட்டும் உயிர்களை அறிய விரும்புவோர்க்குச் சிதம்பரத்திற்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உண்டு. உடலில் ஒட்டும் கிருமிகளை அறிய விரும்புவோர்க்கு அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி உண்டு. இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதே. கடலில் கண்ட உண்மை மருத்துவத்திற்கும், வயலில் பாம்புக்கடிக்குக் கண்ட தீர்வு அறுவை அறைக்கும் துணையாவதை இப்பாடத்தில் கண்டோம். அறிவின் துறைகளுக்கு இடையே வேலிகள் இல்லை. உங்களுள் ஒருவர் நாளை அவ்வேலியற்ற வெளியில் உலவி, கிருமி முந்துமுன் மூட்டைச் சென்றடையும் காவலரை வார்த்தெடுக்கலாம். அதுகாறும் நம் ஒவ்வொருவர் கையும் தூய்மையாக இருப்பதே நோயாளிகளுக்கு நாம் அளிக்கும் காவலாகும்.